ஆல்-22: டிவி காட்டாத பாதி ஆட்டம்

அமெரிக்காவின் டஸ்கலூசாவில், அலபாமா பல்கலைக்கழகத்தில் எம்எஸ் படித்த நாட்களில், பிரையண்ட்-டென்னி ஸ்டேடியத்தில் மாணவர் டிக்கெட்டில் கடைசிவரை நின்றுகொண்டே நான் பார்த்த அமெரிக்கக் கால்பந்து வீரர் பிரைஸ் யங். அவர் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர். 2021-ல் அலபாமாவுக்காக 47 டச்டவுன் பாஸ் (எதிரணியின் எல்லைக்குள் புள்ளி எடுத்துத் தந்த வீச்சுகள்), அதே வருடம் கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது. 2023-ல் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களை எடுக்கும் நிகழ்வு) கரோலினா பேந்தர்ஸ் அவரை முதல் ஆளாக எடுத்தபோது, சொந்தத் தம்பிக்கு வேலை கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டேன். சீசன் முடிந்தபோது கணக்கு இது: அவர் தொடங்கிய 16 ஆட்டங்களில் 2 வெற்றி, 14 தோல்வி, 62 சாக் (பந்தை வீசும் முன்னே எதிரணி அவரை வீழ்த்தியது).

அப்படி என்னதான் ஆனது என்று தெரிந்துகொள்ளத்தான் என்எஃப்எல்லின் வீடியோ சேவையான என்எஃப்எல் பிளஸ் பிரீமியத்துக்குச் சந்தா கட்டினேன். அப்போது மாதம் 14.99 டாலர். நேரலை, சுருக்கப்பட்ட ஆட்டம் எல்லாம் உண்டு. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: ஆல்-22. இது கோச்சுகள் பார்க்கும் ஃபிலிம். உயரத்திலிருந்து ஒரு கேமரா, 22 பேரும் எப்போதும் சட்டத்துக்குள் இருப்பார்கள். அதே ஆட்டம் எண்ட் சோன் (மைதானத்தின் கோடி) பக்கத்திலிருந்து இன்னொரு முறை வரும். வர்ணனை கிடையாது. முதல் நாள் அந்த நிசப்தம் ஒரு மாதிரி இருந்தது, அப்புறம் அதுவே பிடித்துப்போனது.

டிவி பந்தோடு ஓடும். அதனால் ரிசீவர்கள் (பந்தைப் பிடிக்க ஓடுபவர்கள்) 15 யார்டு தள்ளி என்ன செய்கிறார்கள் என்பது தெரியாது. ஒரு மூன்றாவது டவுன் (முயற்சி), நான் பத்துப் பதினைந்து தடவை திருப்பிப் பார்த்தது. இடப்பக்க ரிசீவர் நேராக ஓடி, உள்பக்கம் திரும்பப் போகிறார். யங் பின்வாங்கி, பின்னங்காலை ஊன்றிவிட்டார். பந்து கையை விட்டுப் போக வேண்டிய நொடி அது. ஆனால் ரிசீவரின் முதுகுதான் அவருக்குத் தெரிகிறது, ரிசீவரைக் காவல் காக்கும் எதிரணி கார்னர்பேக் அவர் இடுப்போடு ஒட்டியிருக்கிறார். யங் காத்திருக்கிறார். அரை நொடி கழித்து ரிசீவர் திரும்புகிறார், பக்கத்தில் காவலே இல்லை! அதற்குள் வலப்பக்கத்துத் தடுப்பு உடைந்து சாக். டிவியில் நான் பார்த்தது அந்தச் சாக்கை மட்டும்தான்.

அலபாமாவில் அந்த அரை நொடி அவருக்குக் கிடைத்தது. ஜேம்சன் வில்லியம்ஸ் போன்ற ரிசீவர் ஓடினால் பக்கத்தில் ஆளே இருக்காது. ரிசீவரைச் சுற்றி இடம் காலியானதைப் பார்த்துவிட்டு வீசலாம். என்எஃப்எல்லில் காலியாகப் போகும் இடத்துக்கு முன்கூட்டியே வீச வேண்டும். 2021-ல் ஜார்ஜியா பல்கலைக்கழக அணியின் டிஃபென்ஸிலிருந்து (தடுத்து ஆடும் பிரிவு) மட்டும் 5 பேர் அடுத்த டிராஃப்டின் முதல் சுற்றில் போனார்கள். யங் அந்த டிஃபென்ஸை சீசனில் இரண்டு முறைதான் சந்தித்தார்: முதல் முறை 41-24 வெற்றி, இறுதிப் போட்டியில் 33-18 தோல்வி. தொழில்முறையில் ஒவ்வொரு வாரமும் எதிரே நிற்பது தேறி வந்தவர்கள் மட்டுமே.

மேலிருந்து பார்த்த பிறகுதான் ஹேஷ் கோடுகளும் (பந்தை எந்த எல்லைக்குள் வைத்துத் தொடங்கலாம் என்று காட்டும் இரு வரிசைக் கோடுகள்) எனக்கு உறைத்தன. கல்லூரியில் அவற்றுக்கு இடையே 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஹேஷில் இருந்தால் ஒரு பக்கம் 100 அடி, மறுபக்கம் 60 அடி. பரந்த பக்கத்தை டிஃபென்ஸ் காத்தே ஆக வேண்டும், அதனால் அவர்கள் திட்டத்தைக் கொஞ்சம் முன்பே படித்துவிடலாம். இங்கே பந்து கிட்டத்தட்ட நடுவிலேயே இருப்பதால் கடைசி நொடி வரை அவர்களால் மறைக்க முடிகிறது.

பழியெல்லாம் யங் தலையில் போடுவது அநியாயம். முதல் தேர்வை வாங்கி அவரை எடுப்பதற்காகவே கரோலினா தன் சிறந்த ரிசீவர் டி.ஜே. மூரை சிகாகோவுக்குக் கொடுத்தது. கோச் ஃபிராங்க் ரைக் 11 ஆட்டங்களில் நீக்கப்பட்டார். அந்தப் பேரத்தில் சிகாகோவுக்குப் போன 2024-ன் முதல் தேர்வில் வந்தவர்தான் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ், அவரும் ஹைஸ்மன் வாங்கியவர், முதல் சீசனில் 68 சாக். ஆனால் யங்குக்கு அடுத்த இடத்தில் டிராஃப்ட் ஆன குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரௌட், ஹூஸ்டனுக்காக முதல் வருடமே 4,108 யார்டு வீசினார். அவருடைய ஃபிலிமையும் பாருங்கள்: ரிசீவர் திரும்பும் முன்னே பந்து காற்றில் இருக்கும்.

குறை என்றால், கல்லூரி ஆட்டங்களின் ஆல்-22 இதில் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க என் ஞாபகத்தையும் பழைய ஒளிபரப்புகளையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது. ஸ்கோர் மட்டும் போதும் என்பவருக்கு இந்தச் சந்தா தேவையில்லை.

வாங்கினால் 2024 சீசனின் கடைசி வாரத்தில் அட்லாண்டாவோடு கரோலினா ஆடியதிலிருந்து தொடங்குங்கள். அந்த சீசனில் இரண்டே ஆட்டத்தில் பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டு, பிறகு திரும்பி வந்த யங் அன்று 3 டச்டவுன் வீசினார், 2 ஓடி எடுத்தார், ஓவர்டைமில் 44-38 வெற்றி. பந்தைப் பார்க்காதீர்கள், அவருடைய பின்னங்காலைப் பாருங்கள். ஊன்றியதும் பந்து கிளம்புகிறது.