தாங்குய்யும் வெள்ளைப் பியோனி வேரும்: ஓர் ஒப்பீடு

சீன மருத்துவத்தில் மாதவிடாய்க் கோளாறு என்றதும் முதலில் நினைவுக்கு வரும் தாங்குய், சீனாவின் கான்சு மாகாணத்தில் பெருமளவில் விளையும், நம் கொத்தமல்லியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேர். பாய்ஷாவ் எனப்படும் வெள்ளைப் பியோனி வேரோ, பியோனி என்னும் பூச்செடியின் வேரைத் தோல் சீவி, வேகவைத்து உலர்த்தப்படுவது. இரண்டையும் இரத்தத்தை ஊட்டுபவை என்றே அம்மருத்துவம் வகைப்படுத்துகிறது. ஆயினும் தாங்குய் வெம்மையானது, இரத்தத்தை ஓடச்செய்வது. பாய்ஷாவ் சற்றுக் குளிர்ச்சியானது, இறுக்கத்தைத் தளர்த்துவது. ஆகவே மாதவிடாய் தள்ளிப்போய், ஒத்தடம் கொடுத்தால் வலி தணிபவருக்குத் தாங்குய்யும், தசை இழுத்துப் பிடிப்பவருக்கு அதிமதுரத்துடன் பாய்ஷாவும் தரப்படுகின்றன. சீனாவின் சோங் அரசமரபுக் காலத்திலிருந்து புகழ்பெற்ற நாற்பொருள் கஷாயத்தில் இவ்விரண்டும் சேர்ந்தே இடம்பெறுகின்றன என்பதையும் மறக்கலாகாது.

சான்றைப் பொறுத்தவரை, 1997இல் வெளியான, 71 பெண்கள் பங்கேற்ற அமெரிக்க ஆய்வொன்றில், தனியாகக் கொடுக்கப்பட்ட தாங்குய், மாதவிடாய் நிற்கும் காலத்தில் திடீரெனப் பரவும் உடற்சூட்டை, மருந்தில்லாப் போலி மாத்திரையைவிடக் குறைக்கவில்லை.

எச்சரிக்கை தாங்குய்க்கே மிகுதியாகத் தேவை என்பது என் உறுதியான கருத்து: இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்பவர்களுக்கு அது இரத்தப்போக்கு அபாயத்தைக் கூட்டக்கூடும்; கர்ப்பிணிகளும், உதிரப்போக்கு அதிகமுள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.