குதிரையா, பைக்கா: எதில் ஆபத்து அதிகம்?

அக்கா மகளுக்கு 12 வயது. போன கோடை விடுமுறையில் கொடைக்கானல் ஏரியைச் சுற்றிக் குதிரையில் ஒரு ரவுண்டு வந்தாள். குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார், இவள் மேலே உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். கோவைக்குத் திரும்பிய நாளிலிருந்து குதிரையேற்றம் கற்றே தீருவேன் என்று ஒரே பிடிவாதம். அக்கா எனக்குப் போன் போட்டாள். "நீதான்டா சொல்லணும். ரெண்டையும் ஓட்டினவன் நீ. குதிரை ஆபத்தில்லையா?"

ஆறு வருடம் வார இறுதிகளில் குதிரை ஓட்டியிருக்கிறேன். பைக்கில் இருபது வருடமாகத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். குதிரையிலிருந்து நான்கு முறை விழுந்திருக்கிறேன், அதில் ஒருமுறை காறை எலும்பு முறிந்தது. பைக்கில் விழுந்தது ஒரே ஒருமுறை, மழை நாளில், மண் அரித்து வந்து கிடந்த ஒரு வளைவில். முழங்கை சிராய்த்ததோடு போயிற்று. என் உடம்பைக் கேட்டால் குதிரைதான் ஆபத்து என்று சொல்லும். ஆனால் என்னோடு கல்லூரியில் படித்தவர்களில் மூன்று பேர் இன்று இல்லை. மூவரும் பைக்கில் போனவர்கள். அதனால் அக்காவுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் பேசினேன்.

அந்த 20 மடங்குக் கணக்கு

"பைக்கைவிடக் குதிரையேற்றம் 20 மடங்கு ஆபத்து" என்று பலர் எழுதுகிறார்கள். 1980களில் பிரிட்டனில் மருத்துவர்கள் போட்ட ஒரு கணக்குதான் இதற்கு மூலம். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் சராசரியாக 7,000 மணி நேரத்துக்கு ஒருமுறை அடிபடுகிறார், குதிரை ஓட்டுபவர் 350 மணி நேரத்துக்கு ஒருமுறை. வகுத்தால் 20 வருகிறது.

இதை நம் வாழ்க்கையில் வைத்துப் பார்க்கலாம். தினமும் ஒரு மணி நேரம் பைக் ஓட்டுபவர் 7,000 மணி நேரத்தைத் தொட 19 வருடம் ஆகும். வாரம் இரண்டு மணி நேரம் குதிரை ஓட்டுபவர் 350 மணி நேரத்தை மூன்றரை வருடத்தில் தொட்டுவிடுவார். என் ஆறு வருடத்துக்கும் இருபது வருடத்துக்கும் இது ஏறக்குறையப் பொருந்திப்போவதைப் பார்த்து எனக்கே திகைப்பாக இருந்தது.

கனடாவில் கால்கரி நகரத்து அறுவை மருத்துவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஆயிரம் மணி நேரத்துக்கு எத்தனை பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள் என்று பார்த்தால், குதிரைக்கு 0.49, மோட்டார் சைக்கிளுக்கு 0.14. அதாவது மூன்றரை மடங்கு. 20 எங்கே, மூன்றரை எங்கே! எதைக் காயம் என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து விடை இவ்வளவு மாறுகிறது. ஆனாலும் இரண்டு கணக்கிலும் தராசு சாய்வது ஒரே பக்கம்தான். மணிக்கு மணி வைத்துப் பார்த்தால், அடிபட அதிக வாய்ப்பு குதிரையில்.

டேவிட் நட் என்ற பேராசிரியரின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். போதைப்பொருள் விஷயத்தில் பிரிட்டிஷ் அரசுக்கு ஆலோசனை சொல்லும் குழுவின் தலைவராக இருந்தவர். 2009இல் ஒரு கட்டுரையில், குதிரையேற்றத்தில் சுமார் 350 தடவைக்கு ஒருமுறை பெரிய பாதிப்பு வருகிறது, எக்ஸ்டசி என்ற போதை மாத்திரையில் 10,000 தடவைக்கு ஒருமுறைதான் வருகிறது என்று எழுதினார். பெரிய சர்ச்சை ஆனது, உள்துறை அமைச்சர் அவரைக் கண்டித்தார். போதைப்பொருள் கொள்கையைத் தொடர்ந்து விமர்சித்ததால், அதே வருடம் அக்டோபரில் அடுத்து வந்த அமைச்சர் அவரைப் பதவியிலிருந்தே நீக்கினார். அவர் எழுப்பிய கேள்வி என்னை விடவில்லை: கூடவே இருந்து பழகிய ஆபத்து ஏன் நம் கண்ணில் படுவதே இல்லை? பிரிட்டனில் அது குதிரை. இங்கே அது என்ன என்று சொல்லத் தேவையில்லை.

காயம் வேறு, சாவு வேறு

பிரிட்டனில் குதிரையேற்றத்தால் வருடத்துக்குப் பத்துப் பேர் போல இறப்பதாக அதே நட் குறிப்பிட்டிருந்தார். 2022இல் அந்த நாட்டுச் சாலைகளில் இறந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் 350 பேர். பைக் ஓடும் நேரம் அதிகம்தான், அதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். கழித்துப் பார்த்தாலும் சாவில் பைக்தான் முன்னால் நிற்கிறது என்பது என் முடிவு. அமெரிக்காவில் ஓடிய மைலுக்கு இத்தனை பேர் என்று கணக்கிட்டால், காரில் போகிறவரைவிட மோட்டார் சைக்கிளில் போகிறவர் இறக்கும் வீதம் 2022இல் ஏறக்குறைய 22 மடங்கு.

இந்தியக் கணக்கைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2022இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். நாளொன்றுக்கு 205 பேர். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029. அந்த வருடம் நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவானது நம் தமிழ்நாட்டில்தான், 64,105.

ஆக, குதிரை அடிக்கடி அடிபட வைக்கிறது. பைக் அடிக்கடி விழவைப்பதில்லை, விழவைத்தால் பல நேரம் எழ விடுவதில்லை.

குதிரையில் என்ன நடக்கிறது

குதிரை 450, 500 கிலோ எடையுள்ள இரை விலங்கு. புலிக்கும் ஓநாய்க்கும் பயந்து ஓடியே பிழைத்த இனம். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை சுற்றளவு அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் தெரியாது. பின்னால் போய் நின்றால் உதைப்பது அதனால்தான். ஓரக்கண்ணில் ஏதாவது அசைந்தால் அது நின்று யோசிக்காது. முதலில் ஓடும், அப்புறம்தான் திரும்பிப் பார்க்கும்.

என் காறை எலும்பை முறித்தது ஒரு மயில். ஊருக்கு வெளியே, முள்காட்டை ஒட்டிய பாதையில் போய்க்கொண்டிருந்தோம். புதருக்குள்ளிருந்து மயில் ஒன்று படபடவென்று எழுந்தது. அந்தக் குதிரை தினமும் மயில் பார்க்கிற குதிரை, லாயத்துக் கூரையிலேயே மயில் உட்காரும். இருந்தும் அன்றைக்கு ஒரே தாவாக இடப்பக்கம் போய்விட்டது. நான் அது முன்பு நின்ற இடத்திலேயே, காற்றில் இருந்தேன். அதன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பத்தடி தள்ளி நின்று என்னைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தது.

குதிரையின் மேல் உட்கார்ந்தால் தலை தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து சும்மா விழுந்தாலே தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். குதிரை ஓடும் வேகமும் இதோடு சேரும். காலை முன்னால் நீட்டி விழ வாய்ப்பில்லை, பெரும்பாலும் தலையோ தோளோதான் முதலில் போகும். அமெரிக்க விபத்துச் சிகிச்சைப் பதிவுகளை வைத்து 2016இல் வந்த ஓர் ஆய்வில், விளையாட்டால் மூளைக் காயம் பட்ட பெரியவர்களில் சுமார் 45 விழுக்காடு குதிரையேற்றத்தில் அடிபட்டவர்கள்.

விழுவதோடு முடிந்தாலும் பரவாயில்லை. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்று நம் ஊரில் சொல்வார்கள். குதிரையேற்றத்தில் அது நிஜம். குதிரை நம் மேலேயே விழலாம், மிதிக்கலாம், அங்கவடியில், அதாவது கால் வைக்கும் வளையத்தில், கால் மாட்டிக்கொண்டால் இழுத்துக்கொண்டே ஓடலாம். கால்கரி ஆய்வில் பெருங்காயம் பட்டவர்களில் 54 விழுக்காட்டினருக்கு அடி நெஞ்சில், அதற்கு அடுத்துதான் தலை. டெல்லி சுல்தான் குத்புதீன் ஐபக் 1210இல் லாகூரில் குதிரைப் பந்தாட்டத்தின்போது செத்ததும் இப்படித்தான். குதிரை சாய்ந்தது, சேணத்தின் முன்முனை அவர் நெஞ்சில் இறங்கியது.

சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் 1995 மே மாதம் வர்ஜீனியாவில் ஒரு போட்டியில் இருந்தார். குதிரை தடுப்பைத் தாண்டப் போய் சட்டென்று நின்றுவிட்டது. அவர் கைகள் கடிவாளத்தில் சிக்கிக்கொள்ள, தலைகீழாக விழுந்தார். கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளில் அடி. ஹெல்மெட்டும் மார்புக் கவசமும் போட்டிருந்தவர். மீதி ஒன்பது வருடமும் சக்கர நாற்காலியில்தான்.

பைக்கில் என்ன நடக்கிறது

பைக் எதற்கும் பயப்படாது. பிரேக் பிடித்தால் நிற்கும், திருப்பினால் திரும்பும். டயரும் பிரேக்கும் சரியாக இருந்தால், கீழே இருக்கும் வண்டியால் வரும் ஆபத்து குறைவு. ஆபத்து வருவது வெளியிலிருந்து. 1981இல் ஹாரி ஹர்ட் என்ற பேராசிரியர் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். முக்கால்வாசி விபத்துகள் இன்னொரு வாகனத்தோடு மோதியவை. அதில் மூன்றில் இரண்டு பங்கு, எதிர் வாகனக்காரர் வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நடந்தவை. "பைக்கை நான் பார்க்கவே இல்லை" என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

பந்தயத் தடத்தில் 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தவர் சறுக்கிக்கொண்டே போய் எழுந்து நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மோதுவதற்கு எதுவும் இல்லை, மேலே தோலுடையும் காற்றுப்பையும் இருக்கிறது. அவினாசி சாலையில் 50இல் விழுந்தால் மோதுவதற்கு மீடியன் இருக்கிறது, மின்கம்பம் இருக்கிறது, பின்னால் வரும் பேருந்து இருக்கிறது. தவறான திசையில் வருகிறவர், வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடை, ஓரத்து மணல், இரவில் குறுக்கே ஓடும் நாய் என்று மீதியை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம்.

அனுபவ விஷயத்திலும் இரண்டும் வேறு. ஹர்ட் அறிக்கையில் விபத்தில் சிக்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த வண்டியை ஓட்டி ஐந்து மாதம்கூட ஆகாதவர்கள். கால்கரியில் பெருங்காயம் பட்ட குதிரைக்காரர்களின் சராசரி அனுபவம் 27 வருடம். புதியவர்கள் குதிரையில் அதிகம் விழுவது உண்மைதான். ஆனால் பழகியவர்கள் வேகமாகப் போகிறார்கள், தடுப்பு தாண்டுகிறார்கள், பழகாத குதிரையில் ஏறுகிறார்கள். விழும்போது பெரிதாக விழுகிறார்கள். கால்கரியில் அடிபட்ட அவர்களில் ஹெல்மெட் போட்டிருந்தவர்கள் 9 விழுக்காடுதான்.

ஹெல்மெட்டுக்கே ஒரு கதை உண்டு. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பெயர் பெற்ற டி.இ.லாரன்ஸ் 1935 மே மாதம் இங்கிலாந்தில் சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள்மேல் மோதாமல் ஒதுங்கப் போய் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டார். ஆறு நாள் கழித்து இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஹியூ கெய்ன்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவரும் ஒருவர். அந்தச் சாவு அவரைத் தூங்கவிடவில்லை போலும். மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் அவர் கட்டுரை எழுதிய வருடமே பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. குதிரை உலகம் இன்னும் மெதுவாகத்தான் நகர்ந்தது. குதிரையை அழகாக நடத்திக் காட்டும் சர்வதேச டிரெஸாஜ் போட்டிகளில் உயரமான பட்டுத்தொப்பி போய் ஹெல்மெட் முழுக்கக் கட்டாயமானது 2021இல்தான்.

அக்காவிடம் சொன்னது

குதிரையின் ஆபத்தில் பெரும்பகுதியை நாம் முன்கூட்டியே குறைக்க முடியும். வயதான சாதுக் குதிரையைக் கேட்டு வாங்கலாம். முதல் ஒரு வருடம் வேலி போட்ட மண்திடலுக்குள் மட்டும், ஆசிரியர் கண்ணெதிரே ஓட்டலாம். குதிகால் வைத்த பூட்ஸ் போட்டால் கால் அங்கவடிக்குள் நழுவாது. மார்புக் கவசம் போடலாம். குதிரைக்குப் பின்னால் போகக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடலாம். தடுப்பு தாண்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சாலையில் எதிரே வருபவரை இப்படித் தேர்ந்தெடுக்க வழியில்லை. அதனால்தான், மணிக்கணக்கு குதிரைக்கு எதிராக இருந்தும், இந்தக் குழந்தைக்கு எது அதிக ஆபத்து என்று கேட்டால் நான் ஸ்கூட்டரைத்தான் காட்டுவேன்.

"சேர்த்துவிடு அக்கா. கை ஒருமுறை உடையலாம், அதற்கு மனதைத் தயார் பண்ணிக்கோ" என்றேன். சரி என்றாள். அப்புறம் கேட்டேன்: "பள்ளி எவ்வளவு தூரம்?"

"14 கிலோமீட்டர். ஸ்கூட்டியில நானே கொண்டுபோய் விட்டுடுவேன்."

"அவளுக்கு ஹெல்மெட் இருக்கா?"

போனில் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "குதிரைக்கு வாங்கினா அதையே போட்டுக்குவாள்ல?" என்றாள்.

போட முடியாது. குதிரை ஹெல்மெட் லேசானது, காதுப் பக்கம் திறந்தது, குளம்பின் அடியையும் பக்கவாட்டு நசுக்கலையும் மனதில் வைத்துச் செய்தது. தார்ச்சாலையில் உரசுவதற்கும் வண்டி வேகத்துக்கும் அது போதாது. நான்கு வயதுக்கு மேல் பின்னால் உட்காரும் பிள்ளைக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம், அதுவும் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளது. இதையெல்லாம் சொல்லிவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமையே மூவரும் கடைக்குப் போனோம். அவள் தலைக்குச் சரியாக உட்காரும் அளவு கிடைக்க மூன்று கடை ஏற வேண்டியிருந்தது.

இப்போது சனிக்கிழமை காலைகளில் ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, இன்னொன்றை மடியில் வைத்துக்கொண்டு அக்காவின் பின்னால் உட்கார்ந்து போகிறாள். அக்காவும் போட்டிருக்கிறாள்.