நைத்திரசோ நப்தோலுடன் 11 வருடம்

கொழும்பில் ஒரு சின்ன தனியார் ஆய்வுகூடத்தில் வேலை. கால்நடைத் தீவனத்தில் கலக்கும் கனிம உப்பு, பீங்கானுக்கு நீலம் ஏற்றும் தூள் என்று எது வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: கோபாற்று என்ற உலோகம் இருக்கிறதா? அதற்கு நான் முதலில் கையை வைப்பது 1-நைத்திரசோ-2-நப்தோல் போத்தலில். 1885இல் இரசாயனவியலாளர்களான இலின்ஸ்கியும் குனோரேயும் கோபாற்றைக் கண்டறியப் பயன்படுத்திக் காட்டிய பொருள், இன்றும் அந்த வேலையை அப்படியே செய்கிறது.

மஞ்சள் கலந்த பழுப்புத் தூள். தண்ணீரில் கரையாது, எதனோலிலும் அசற்றிக் அமிலத்திலும் கரையும். நான் 1 கிராமை 50 மில்லிலீற்றர் அசற்றிக் அமிலத்தில் கரைத்து, தண்ணீர் விட்டு 100 ஆக்குவேன். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும். பழைய கரைசலை நம்பி நாள் வீணானது போதும்.

கோபாற்று இருந்தால் செம்பழுப்பு வீழ்படிவு. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கோபாற்று ஒட்சியேற்றமடைந்து +3 நிலைக்குப் போய், இந்த நப்தோலின் மூன்று மூலக்கூறுகளோடு இறுகப் பிணைந்துவிடுவதால், பிறகு ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் விட்டாலும் அசையாது. நிக்கலும் பழுப்பு வீழ்படிவு தரும், ஆனால் அதே அமிலத்தில் கரைந்து போய்விடும். அமிலத்தை விடாமல் முடிவு எழுதாதீர்கள்!

இரும்புதான் தொல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தீவன உப்பில் கரும்பழுப்பாக வந்ததைப் பார்த்து "கோபாற்று உண்டு" என்று அறிக்கை எழுதிவிட்டேன், திரும்பச் செய்து பார்த்தபோது அது முழுக்க இரும்பு. வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டு அறிக்கையைத் திருப்பி வாங்கினேன். அதற்குப் பிறகு பொசுபாரிக் அமிலம் சேர்த்து இரும்பைக் கட்டிப்போடாமல் தொடங்குவதே இல்லை.

அளவு வேண்டுமென்றால் இந்த வீழ்படிவை அப்படியே நிறுக்கக் கூடாது, மிஞ்சிய நப்தோலையும் இழுத்துக்கொண்டு வரும். எரித்து ஒட்சைட்டாக்கித்தான் நிறுக்கலாம். நானோ அதன் தண்ணீரில் கரையும் உறவான நைத்திரசோ-ஆர் உப்புக்கு மாறிவிட்டேன், சிவப்பு நிறத்தைக் கருவியில் அளக்கலாம். அந்த உப்புக்கே மஞ்சள் நிறம் இருப்பதால், கோபாற்று இல்லாத கரைசலையும் கூடவே அளந்து கழிக்க வேண்டும்.

"நைத்திரசோ என்றால் புற்றுநோய் அல்லவா?" என்று புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பார்கள். 2018இல் வல்சார்ட்டன் என்ற இரத்த அழுத்த மாத்திரைகளைத் திரும்பப் பெற வைத்தது நைத்திரசமீன், அதில் நைத்திரசோ கூட்டம் நைதரசன் அணுவில் இணைந்திருக்கும், இதில் காபனில் இருக்கிறது. இரண்டும் வேறு. அதற்காக இதைத் தீங்கற்றது என்று சொல்ல மாட்டேன். கையுறை கட்டாயம், தூளை மூச்சில் எடுக்கக் கூடாது, தோலில் பட்ட கறை சும்மா போகாது.

அப்புறம், வாங்கும்போது போத்தலைத் திறந்து பாருங்கள். ஒரு தடவை கறுத்துக் கட்டியாகிப் போன சரக்கு எங்கள் தலையில் விழுந்தது. பெட்ரோலியம் ஈதரில் மீளப் பளிங்காக்கி ஓரளவு காப்பாற்றினோம், ஆனால் பாதி கழிவாகப் போனது.