6.6, 7.7 (ஜூன் 6, ஜூலை 7) இணைய விற்பனையில் ‘போர்ட்டபிள் ஏர்கோன்’ வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வெயில் மண்டையைப் பிளக்கும் இந்த மாதங்களில் மலேசியாவின் இணைய விற்பனைத் தளங்களில் எளிதில் ஏமாற்றப்படுகிறவர்கள் வாடகை வீட்டில் இருந்துகொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள். சுவரைத் துளைத்து ஏர்கோன் மாட்ட வீட்டுக்காரர் விடமாட்டார். சில காண்டோக்களில் வெளிப் பெட்டியைத் தொங்கவிட நிர்வாகமும் விடாது. அதனால் ‘போர்ட்டபிள் ஏர்கோன்’ என்று தேடுகிறார்கள். அந்தப் பெயரில் வந்து சேருவது பெரும்பாலும் ‘ஏர்கூலர்’ எனப்படும், தண்ணீர்த் தொட்டி வைத்த மின்விசிறிதான்.

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு தம்பதிக்கு நடந்தது இது. நள்ளிரவு விற்பனையில் “1 எச்.பி., 899 வெள்ளி, இன்று மட்டும் 329” என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்கினார்கள். பார்சல் செவ்வாய்க்கிழமை காவலர் சாவடிக்கு வந்தது. இருவருக்கும் வேலை நாள். இரவு எடுத்து வந்து கூடத்து மூலையில் வைத்தார்கள். ‘பொருள் கிடைத்தது’ என்று அழுத்தினால் நாணயப் புள்ளிகள் தருவதாகச் செயலியில் அறிவிப்பு வர, மனைவி அழுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பிரித்தால் உள்ளே இருந்தது ஏர்கூலர். கடைக்காரரிடம் கேட்டதற்கு, தொட்டியில் ஐஸ் கட்டி போட்டு ஓடவிடச் சொன்னார். மறுநாள் 30 வெள்ளி திருப்பித் தருவதாகச் சொன்னார். அதற்கு மறுநாள், புகாரை ரத்து செய்தால் முழுப் பணத்தையும் நேரடியாக வங்கியில் போட்டுவிடுவதாகச் சொன்னார். ரத்து செய்தார்கள். பணம் வரவில்லை, புகாரை மறுபடி திறக்கவும் முடியவில்லை.

இதில் எந்தப் படியும் தற்செயல் இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்குப் பார்சல் வருவது வேலை நாளில், பிரிக்க நேரம் கிடைப்பது விடுமுறையில். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் 12 மணி நேர ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் நீளம். ஏமாற்றுகிறவர் பிழைப்பதே அந்த இடைவெளியில்தான். தளம் உங்கள் பணத்தைக் கடைக்காரருக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்திருப்பது குறிப்பிட்ட சில நாட்கள் மட்டுமே. நீங்கள் ‘கிடைத்தது’ என்று அழுத்தினால் அந்த நிமிடமே அது கைமாறத் தொடங்கிவிடும். எனவே ஆர்டர் பக்கத்தில் திருப்பி அனுப்பும் கடைசித் தேதி எது என்று பார்த்து, போனில் நினைவூட்டல் வையுங்கள். வேலை அலுப்பு எவ்வளவு இருந்தாலும் பெட்டி வந்த இரவே பிரித்து, ஓடவிட்டுப் பாருங்கள்.

இனி பொருளுக்கு வருவோம். உண்மையான போர்ட்டபிள் ஏர்கோனுக்குள் கம்ப்ரசர் இருக்கும். அதனால் அதன் எடை பொதுவாக 20 முதல் 30 கிலோ. பின்புறம் சூட்டுக் காற்றை ஜன்னலுக்கு வெளியே தள்ளும் பருமனான குழாய் இருக்கும். அந்தக் குழாய் இல்லாத எதுவும் போர்ட்டபிள் ஏர்கோன் இல்லை. அறையில் இருந்து எடுத்த வெப்பம் எங்காவது வெளியே போயாக வேண்டுமே. பின்பக்கத் தகட்டில் ஆர்32, ஆர்410ஏ, ஆர்290 என்று ஏதாவது ஒரு குளிர்வாயுவின் பெயரும், குளிரூட்டும் திறனும் அச்சிட்டிருக்கும். 1 எச்.பி. (குதிரைத்திறன்) என்றால் அந்தத் திறன் மணிக்குச் சுமார் 9,000 பி.டி.யு. (வெப்ப அளவு). மின்சாரம் 800 வாட்டிலிருந்து 1,000 வாட் வரை இழுக்கும். தகட்டில் 65 வாட், 80 வாட் என்று இருந்தால் அது ஏர்கூலர். யு.எஸ்.பி. வயரில் ஓடினால் 10 வாட் விசிறி, அவ்வளவுதான்.

ஏர்கூலர் கெட்ட பொருள் இல்லை. காற்று வறண்ட ஊர்களில் நன்றாக வேலை செய்யும். நம் ஊருக்குத்தான் ஒத்துவராது. அது தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர்விக்கிறது. பகலில் வெப்பம் 33 பாகை, ஈரப்பதம் 60 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஆவியாக்கி எட்டக்கூடிய அடிமட்டமே ஏறக்குறைய 27 பாகைதான். நல்ல கூலர்கூட அதுவரை இறங்காது. அதுவும் ஜன்னல் திறந்து புதுக்காற்று வந்துகொண்டிருந்தால் மட்டுமே. கதவைச் சாத்திவிட்டு ஓடவிட்டால் அரை மணி நேரத்தில் அறை முழுக்க ஈரம் ஏறி, உடம்பில் வியர்வை காயாமல் புழுக்கம் முன்பைவிடக் கூடும்.

மேசை மேல் வைக்கும் ‘மினி ஏர்கோன்’ விஷயத்தில் கணக்கு இன்னும் தெளிவு. தொட்டியில் 300 மில்லி தண்ணீர், 4 மணி நேரத்தில் தீர்கிறது என்று வைப்போம். அத்தனையும் ஆவியானால் கிடைக்கும் குளிர்ச்சி சுமார் 50 வாட். ஓர் ஆள் சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலே உடம்பிலிருந்து வெளியேறும் வெப்பம் 100 வாட் அளவுக்கு இருக்கும். அறையைக் குளிர்விப்பது இருக்கட்டும், உட்கார்ந்திருப்பவர் விடும் வெப்பத்துக்கே அது ஈடாகாது.

விலையில் நடக்கும் வேலைகளையும் கவனியுங்கள். விற்பனைக்கு முன்பே விலையை ஏற்றிவிட்டுப் பிறகு வெட்டுவது பழைய கதை. ஆகவே பொருளை இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே கூடையில் போட்டு, விலை தெரியும் திரையைப் படம் பிடித்து வையுங்கள். “39 வெள்ளி முதல்” என்று இருந்தால், அந்த 39 பெரும்பாலும் ரிமோட்டுக்கோ குழாய்க்கோ உள்ள விலை. வகைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தால்தான் இயந்திரத்தின் விலை தெரியும். ஆயிரக்கணக்கான பாராட்டுகள் இருந்தாலும் நம்பிவிட வேண்டாம். வாங்கியவர்கள் போட்ட படங்களைத் திறந்து பாருங்கள். போன் உறையின் படங்கள் வந்தால், பழைய பக்கத்தில் பொருளை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

“உள்ளூர் ஸ்டாக்” என்ற பொய்யைப் பிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வரும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பணம் கட்டும் பக்கத்தில் குறைந்த மதிப்புப் பொருள் வரி என்று ஒரு வரி சேர்ந்தால், பெட்டி உள்நாட்டில் கிள்ளானிலோ பிறையிலோ இல்லை, வெளிநாட்டில் இருக்கிறது. திருப்பி அனுப்புவது பெரும்பாடு.

வாங்குமுன் கடைக்காரரிடம் மூன்று படங்கள் கேளுங்கள்: பின்பக்கத் தகடு, சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை, பிளக். முத்திரையில் தொடர் எண் இருக்க வேண்டும். பிளக் நம் ஊர் 13 ஆம்பியர் மூன்று முள் பிளக்காக இருக்க வேண்டும். இரண்டு முள் பிளக்கும் இலவச அடாப்டரும் தருவதாகச் சொன்னால் விட்டுவிடுங்கள். படம் அனுப்ப மறுப்பவரிடம் பேச்சே வேண்டாம். (உண்மையான ஏர்கோனே கிடைத்தாலும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் செருகாதீர்கள். மணிக்கணக்காக ஓடும்போது வயரும் பிளக்கும் சூடாகி உருகக்கூடும். நேராகச் சுவர்ச் சாக்கெட்டில்தான் செருக வேண்டும்.)

பார்சல் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள எடையை. ஏர்கோன் என்று வாங்கிய பெட்டியில் 5 கிலோ என்று எழுதியிருந்தால் பிரிப்பதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிடும். அந்தச் சீட்டில் தொடங்கி, இடையில் நிறுத்தாமல் ஒரே காணொளியாக எடுங்கள். பெட்டியின் ஆறு பக்கமும், டேப்பை வெட்டுவதும், தகடும், பிளக்கும், ஓடவிட்டதும் அதில் இருக்க வேண்டும். வெட்டி ஒட்டிய காணொளியைக் கடைக்காரர் எளிதில் மறுத்துவிடுவார்.

புகாரைத் தளத்தின் செயலிக்குள்ளேயே பதியுங்கள், பேச்சும் அங்கேயே இருக்கட்டும். பாதிப் பணம் தருகிறேன், புகாரை எடு என்றால் எடுக்காதீர்கள். பணம் முழுதாக வந்த பிறகு அது தானாக முடியும். வாட்சாப்பில் வந்தால் இன்னும் குறைத்துத் தருகிறேன் என்று கூப்பிடுபவர், தளத்தின் பாதுகாப்பிலிருந்து உங்களை வெளியே இழுக்கிறார். ‘ஏர்கோன் இலவசச் சர்வீஸ்’ பதிவுக்கென்று ஏ.பி.கே. கோப்பு (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பினால் தொடவே தொடாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கைத் துடைத்தெடுக்க அது ஒன்று போதும். யாருக்காவது நேரடியாகப் பணம் அனுப்புமுன் அந்தக் கணக்கு எண்ணை, மோசடிக் கணக்கா என்று சரிபார்க்கும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள்.

   

தளம் கைவிரித்துவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. கட்டணம் 5 வெள்ளி, முதலாம் பாரத்தை நிரப்ப வேண்டும், 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் நீங்கள்தான் தர வேண்டும். அதனால் வாங்கும்போதே கடைப் பக்கத்தில் உள்ள நிறுவனப் பதிவு எண்ணைப் படம் பிடித்து வையுங்கள். பதிவு எண்ணே இல்லாத கடையில் சில நூறு வெள்ளிப் பொருள் வாங்காதீர்கள். உள்நாட்டு வாணிப அமைச்சின் 1-800-886-800 எண்ணிலும் புகார் செய்யலாம். பினாங்கில் இருப்பவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம், அங்கே தமிழிலேயே பேசலாம்.

கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பப் பெறுவது) கேளுங்கள். தளத்துக்கு வெளியே நேரடியாகக் கணக்குக்குப் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் கடைக்காரருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். உடனே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997-ஐ அழையுங்கள், அல்லது வங்கியின் மோசடிப் புகார் எண்ணை. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தடுத்தால்தான் மீட்க வழி இருக்கும். போலீஸ் புகாரை அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.