ரோமர் நிருபம் படிக்க எந்த வேதாகமம் வாங்கலாம்? வேலூர் வாசகர்களுக்கு ஒரு மதிப்பீடு

திடப்படுத்தல் வகுப்பு எடுப்பவர்களும் வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துபவர்களும் ரோமர் நிருபத்தைத் தொட்டதும் தடுக்கி விழுகிற சொல் ஒன்று உண்டு: நீதிமானாக்கப்படுதல். பாவி ஒருவன் கடவுள் முன்னால் எந்த ஆதாரத்தில் நிற்கிறான் என்ற கேள்விக்கான பதில் அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது. ஆகவே கடையில் கிடைக்கும் இரண்டு தமிழ் வேதாகமங்களை, 1871-இல் வெளிவந்த பழைய திருப்புதலையும் 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பையும், இந்த ஒரு சொல்லை வைத்தே இங்கே எடைபோடுகிறோம். அட்டை, எழுத்து அளவு எல்லாம் பிறகு.

முதலில் பழையது. நீதி, நீதிமான், நீதிமானாக்குதல், தேவநீதி என்று ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்களை அது கடைசி வரை விடாமல் பிடித்துக்கொள்கிறது. மூலமான கிரேக்கத்திலும் இவை ஒரே குடும்பம். 1:17-இல் கேட்ட 'நீதி' 3:21-இல் திரும்ப ஒலிப்பதைச் சிறுவர்கூடக் கண்டுபிடிப்பார்கள். பாடம் நடத்துபவருக்கு இது பெரிய வசதி. 1:17-இல் வரும் "பிழைப்பான்" இன்றைய காதுக்குக் கூலி வேலைபோல் ஒலிக்கும் என்று சிலர் குறைப்படுவதுண்டு. ஆஸ்பத்திரி வாசலில் "பொழச்சிக்கினான்" என்று சொல்லிப் பழகிய ஊரில் அந்தக் குறை எடுபடாது.

சிக்கல் '-ஆக்கு' என்ற துணைவினையில் இருக்கிறது. தோலைப் பதனிட்டுச் செருப்பாக்குவதுபோல, கடவுள் கெட்டவனை உள்ளே மாற்றி நல்லவனாக்கி, அதன்பின் ஏற்றுக்கொள்கிறார் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். நிருபத்தை எழுதிய பவுல் சொல்வது சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் நடப்பதுபோன்ற ஒன்று, சி.எம்.சி. வார்டில் நடப்பதுபோன்றது அல்ல. நீதிபதி "குற்றமில்லை" என்று தீர்ப்புச் சொல்லும்போது கூண்டில் நிற்பவனின் குணம் மாறுவதில்லை. அவனுடைய நிலை மாறுகிறது. குணமாகுதலும் வேதத்தில் உண்டு. சீர்திருத்தச் சபைகள் அதைப் பரிசுத்தமாகுதல் என்று தனியாகப் பேசுகின்றன.

இதை விளக்க வெளியே போகவேண்டியதில்லை, அதே பழைய திருப்புதலுக்குள்ளேயே மருந்து இருக்கிறது. நீதிமொழிகள் 17:15-ஐத் திறந்து வாசியுங்கள். துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவன் கர்த்தருக்கு அருவருப்பானவன் என்கிறது. கெட்டவனை உண்மையிலேயே நல்லவனாக மாற்றுவது அருவருப்பான காரியமா? அப்படியானால் இங்கே 'ஆக்குதல்' என்பது தீர்ப்புச் சொல்வதுதான். லூக்கா 7:29-இலும் ரோமரில் வரும் அதே கிரேக்க வினைச்சொல். அங்கே ஜனங்கள் தேவனை "நீதிபரர் என்று அறிக்கையிட்டார்கள்". ஜனங்கள் தேவனை நீதியுள்ளவராக மாற்றிவிட முடியாதல்லவா? இந்த இரண்டு வசனங்களுக்கும் பத்து நிமிடம் கொடுத்தால் போதும், குழப்பத்தில் பாதி தீரும். மிச்சப் பாதி பெரியது: எதை ஒரு நீதிபதி செய்தால் அருவருப்போ, அதையே கடவுள் செய்கிறார் என்று ரோமர் 4:5 சொல்கிறது. அது எப்படி நியாயம் என்பதற்குப் பதில் 3:25-26-இல், சிலுவையில் இருக்கிறது. அந்தப் பதிலைச் சொல்லாமல் "கடவுள் மன்னிப்பார்" என்று முடித்துவிடும் வகுப்புகள்தான் அதிகம்.

அந்த 3:25-இல் வரும் "கிருபாதாரபலி" என்ற சொல்லை யாரும் ஒரே மூச்சில் புரிந்துகொள்வதில்லை. எபிரெயர் 9:5-இல் "கிருபாசனம்" என்று வருவதும் கிரேக்கத்தில் இதே சொல்தான். லேவியராகமம் 16-ஐ ஒருமுறை வாசித்துவிட்டு வந்தால், இரத்தம் தெளிக்கப்பட்ட உடன்படிக்கைப் பெட்டியின் மூடியும் கிறிஸ்துவும் ஒன்றாகத் தெரிவார்கள்.

நான்காம் அதிகாரத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. "நீதியாக எண்ணப்பட்டது" என்பதை இன்றைய வாசகர் 'அப்படி நினைத்துக்கொண்டார்' என்று படிக்கிறார். அது கணக்குப் புத்தகத்துச் சொல். கிரேக்க மூலத்தில் இந்த ஒரே அதிகாரத்தில் 11 முறை வருகிறது. லாங் பஜார் மண்டிக் கணக்கர் பேரேட்டில் வரவு வைப்பதை நினைத்துக்கொண்டால் சரியாகப் பொருந்தும். வேலை செய்தவனுக்குக் கூலி கொடுப்பது கடன் தீர்ப்பது. வேலை செய்யாதவன் பெயரில் வரவு வைப்பது கிருபை. 4:4-5 இதைத்தான் சொல்கிறது.

பழைய திருப்புதலின் அழகான இடம் 3:28. "விசுவாசத்தினாலேயே" என்ற அந்தக் கடைசி ஏகாரத்தைக் கவனியுங்கள். கிரேக்கத்தில் 'மாத்திரம்' என்ற சொல் அங்கே இல்லை. 1522-இல் ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் லூத்தர் 'மாத்திரம்' என்று சேர்த்ததற்கு எழுந்த எதிர்ப்புக்கு, அவர் 1530-இல் ஒரு திறந்த கடிதமே எழுதவேண்டி வந்தது. தமிழுக்குத் தனிச்சொல் தேவைப்படவில்லை, ஒரு பிரிநிலை ஏகாரம் அந்த வேலையைச் சத்தமில்லாமல் முடித்துவிட்டது. வாசிப்பவர் அந்த எழுத்தை விழுங்கிவிட்டால் வசனமே சப்பென்று ஆகிவிடும்.

இனி பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்தது. இதில் நீதிமானாக்கப்படுதல் "கடவுளுக்கு ஏற்புடையவர்" ஆவதாக மாறுகிறது. முதல்முறை கேட்பவருக்கு உடனே விளங்கும். உறவு திரும்பச் சேர்ந்தது என்ற தொனி இருக்கிறது. லூக்கா 18:14-இல் வரிதண்டுபவர் ஏற்புடையவராகி வீடு திரும்புவதை வாசித்தால் விளக்கவுரையே தேவையில்லை. ஆனால் இரண்டு நஷ்டம். ஒன்று, 'நீதி' என்ற நூல் அறுந்துபோகிறது. கடவுளின் நீதிக்கும் மனிதன் ஏற்புடையவனாவதற்கும் என்ன சம்பந்தம் என்பது காதில் விழுவதில்லை. இரண்டாவது இன்னும் மோசம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தவர்களுக்கு "ஏற்புடையதல்ல" என்ற பதில் தெரியும். தகுதி இருந்தால் ஏற்புடையது, இல்லாவிட்டால் தள்ளுபடி. அதே தகுதி வாசனை இந்தச் சொல்லிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பவுல் சொல்வதோ தகுதியில்லாதவன் ஏற்கப்படுவதை. 'ஏற்கப்பட்டவர்' என்று போட்டிருந்தால் இந்தச் சந்தேகமே எழாது என்பது எங்கள் கருத்து.

இந்த மாவட்டத்துக்கு இது வெறும் சொல் சண்டை இல்லை. ஆற்காடு மிஷன் அமெரிக்க சீர்திருத்தச் சபையிலிருந்து வந்தது. அந்தச் சபையின் வினாவிடை 1563-இன் ஹைடல்பர்க் வினாவிடை. அதன் 60-ஆம் கேள்வி, கடவுள் முன் நீ எப்படி நீதிமான் என்பதேதான். ஆம்பூர்ப் பக்கம் லுத்தரன் சபைகள். வேலூரில் கத்தோலிக்க மறைமாவட்டம். 1547-இல் கத்தோலிக்கச் சபையின் திரெந்து சங்கம் தன் 6-ஆம் அமர்வில், நீதிமானாகுதல் என்பது மன்னிப்போடு உள்ளான புதுப்பித்தலும் சேர்ந்ததே என்று தீர்மானித்தது. 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன்களும் கத்தோலிக்கரும் நீதிமானாகுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். மெதடிஸ்டுகள் 2006-இலும் சீர்திருத்தச் சபைகள் 2017-இலும் சேர்ந்தார்கள். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை, ஆனால் அன்று ஒருவர்மேல் ஒருவர் போட்ட பழைய சாபங்களை இன்றைய எதிர்த்தரப்பின் மேல் போடக்கூடாது என்ற அளவுக்கு வந்திருக்கிறது. கலப்புச் சபையார் உட்காரும் கூட்டத்தில் இதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

பயன்படுத்தும் முறை: ஆறு வாரம், வாரம் 40 நிமிடம். முதல் வாரம் 1:18 முதல் 3:20 வரை. கசப்பாக இருந்தாலும் தாண்டக்கூடாது, நோய் தெரியாமல் மருந்து விளங்காது. இரண்டாம் வாரம் 3:21-26 மட்டும். வெறும் ஆறு வசனம், அதற்கே நேரம் போதாது. அடுத்த இரண்டு வாரம் நான்காம் அதிகாரம். அங்கே தேதிக் கணக்கைப் பலகையில் எழுதுங்கள்: ஆதியாகமம் 15-இல் ஆபிரகாம் நீதிமானாக எண்ணப்படுகிறான், இஸ்மவேல் பிறக்கும்போது வயது 86, விருத்தசேதனம் 99-இல். குறைந்தது 13 வருஷம் முந்தியே வரவு வைத்தாயிற்று. ஐந்தாம் வாரம் 5:1-11. கடைசி வாரம் யாக்கோபு 2:14-26-ஐ ரோமர் 6-ஓடு சேர்த்து வாசிக்கலாம். யாக்கோபு பேசுவது ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்த ஆதியாகமம் 22-ஐ. வரவு வைத்துப் பல வருஷம் கழித்து அது உண்மைதான் என்று வெளியே தெரிந்த நாள் அது.

ஒவ்வொரு பகுதியையும் பழையதில் சத்தமாக வாசித்து, பொது மொழிபெயர்ப்பில் ஒருவர் மறுபடி வாசிக்கட்டும். இரண்டும் எங்கே பிரிகின்றன என்று கேட்டாலே பாடம் தானாக ஓடும்.

அடிக்கடி கெடுகிற இடம் ஒன்று. "எனக்கு விசுவாசம் பத்தல, அதான் ஆண்டவர் கேக்கல" என்று ஒரு அக்கா சொன்னால், அங்கே விசுவாசமே கூலி வேலையாகிவிட்டது என்று அர்த்தம். விசுவாசம் வாங்கிக்கொள்கிற கை. கையின் பலத்தைப் பார்த்துக் கொடுப்பவர் கொடுப்பதில்லை. 4:16-ஐ அங்கேயே வாசித்துக் காட்டுங்கள். உறவினர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இந்தக் கேள்வி வரும், தத்துவமாக வராது. பதிலும் சுருக்கமாக இருக்கட்டும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பழையது. காசிருந்தால் இரண்டும். பொது மொழிபெயர்ப்பு, கத்தோலிக்கர் பழைய ஏற்பாட்டில் சேர்த்துக்கொள்ளும் இணைத் திருமுறை நூல்களோடும் இல்லாமலும் கிடைக்கும். ரோமர் இரண்டிலும் ஒன்றே. அதன் முன்னுரைகளும் உள்தலைப்புகளும் அடிக்குறிப்புகளும் வகுப்பு எடுப்பவருக்கு உதவும். பழையதில் பெரும்பாலான பதிப்புகள் வசனத்துக்கு வசனம் தனிப் பத்தியாகவே ஓடும், மேற்கோள் குறியும் கிடையாது. 4:3-இல் பழைய ஏற்பாட்டு வசனம் எங்கே முடிந்து பவுலின் பேச்சு எங்கே தொடங்குகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஹைலைட்டர் வேண்டாம், மெல்லிய தாளில் மறுபக்கம் ஊறும்.