பழைய சுண்ணாம்புச் சுவருக்கு சிலிகேட் பெயிண்ட்: எங்கே அடிக்கலாம், எங்கே வேண்டாம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சுண்ணாம்புக் காரை பூசிய பழைய வீட்டில், இதுவரை வெள்ளையடிப்பு தவிர வேறெதுவும் ஏறாத சுவர்கள் இருந்தால், உட்புறத்துக்கு ரெடிமிக்ஸ் சிலிகேட் பெயிண்டுக்கே எங்கள் ஓட்டு. அதே வீட்டில் ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவர்களுக்கு அது வீண்செலவு. தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய வீடுகளில் இந்த இரண்டு வகைச் சுவரும் கலந்தே இருக்கும். வீடு முழுக்க ஒரே பெயிண்ட் என்று மொத்தமாக வாங்கினால் வில்லங்கம் அங்கேயே ஆரம்பமாகிவிடும்.

எமல்ஷன் என்பது அக்ரிலிக் பசையில் நிறப்பொடி கலந்தது. காய்ந்ததும் சுவரின் மேல் மெல்லிய தோலாக நிற்கும். சிலிகேட் பெயிண்டில் பசையின் வேலையைச் செய்வது பொட்டாசியம் சிலிகேட் கரைசல். அது காரைக்குள் இறங்கி, அங்குள்ள சுண்ணாம்போடும் காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் வினைபுரிந்து கல்லாக இறுகிவிடும். தோல் என்று தனியாக எதுவும் இல்லாததால் உரிவதற்கும் எதுவும் இல்லை. 1878இல் பவேரியாவைச் சேர்ந்த அடோல்ஃப் வில்ஹெல்ம் கைம் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய முறையில் நிறப்பொடி தனி, கரைசல் தனி. கலந்து ஊறவைத்த பிறகே அடிக்க வேண்டும். இன்று வீட்டு வேலைக்கு வாங்குவது ஒரே டப்பாவில் கலந்து வரும் வகை. கெட்டியாகாமல் இருப்பதற்காக இதில் கொஞ்சம் அக்ரிலிக் சேர்க்கிறார்கள். ஜெர்மனியின் DIN 18363 தரப்படி, அக்ரிலிக் போன்ற கரிமப் பொருள் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. டப்பாவில் ‘சிலிகேட்’ என்று பெரிதாக அச்சிட்டு, இந்த அளவைப் பற்றி மூச்சே விடாத பெயிண்டுகளும் விற்பனையில் இருக்கின்றன. தொழில்நுட்பத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் நீராவி வெளியேற எவ்வளவு தடை இருக்கிறது என்பதைக் குறிக்கும் எஸ்டி (sd) மதிப்பு 0.14 மீட்டருக்குக் கீழே இருந்தால் நல்லது. 1.4 மீட்டரைத் தாண்டினால், பெயர் எதுவாக இருந்தாலும், சுவரைப் பொறுத்தவரை அது பிளாஸ்டிக்தான்.

இந்த மதிப்புக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? பழைய கட்டடங்கள் பலவற்றில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்பு அடுக்கே கிடையாது. மண்ணிலிருந்து ஏறும் ஓதம் காரை வழியாக ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் அந்தச் சுவர்கள் இத்தனை காலம் நின்றன. வழியை அடைத்தால் ஈரம் தோலுக்குப் பின்னால் தேங்கும், பெயிண்ட் கொப்புளிக்கும், உப்பு படிகமாகிக் காரையையே தள்ளிக்கொண்டு வரும். எமல்ஷன் அடித்த சுவரில் பொரிந்த இடத்தைச் சுரண்டினால் பெயிண்டோடு காரையும் தூளாகக் கொட்டுவது இதனால்தான். ஓதத்தை மறைக்கச் சுவரின் கீழ்ப்பகுதிக்கு மூன்றடி உயரம் சிமென்ட் பூசுவது இன்னும் மோசம். ஈரம் மூன்றடிக்கு மேல் போய் வெளியே வரும்.

முதலில் சுவரைச் சோதியுங்கள்

விரலால் தண்ணீரைத் தெளியுங்கள். சில நொடிகளில் கருத்து உள்ளே இழுத்துக்கொண்டால் சுவர் தகுதியானது. முத்து முத்தாக நின்றாலோ வழிந்தாலோ மேலே பெயிண்ட் தோல் இருக்கிறது. ஒரே இடத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். ஜன்னலுக்குக் கீழே, கதவோரம், கைபடும் உயரம், கூரையை ஒட்டிய பகுதி எல்லாவற்றிலும் பாருங்கள். ஒரே சுவரில் பாதி வரை மட்டும் எனாமல் அடித்து, பிறகு அதன் மேலேயே வெள்ளையடித்திருப்பது சர்வ சாதாரணம்.

அடுத்தது ஸ்பிரிட். துணியில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் நனைத்து அரை நிமிடம் தேய்த்தால் எமல்ஷன் பிசுபிசுத்து நிறம் துணியில் ஒட்டும். வெள்ளையடிப்பு அப்படி இளகாது. வினிகர் விட்டு நுரை வருகிறதா என்று பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. அதை மட்டும் நம்ப வேண்டாம். மலிவு டிஸ்டெம்பரிலும் எமல்ஷனிலும் நிரப்பியாகச் சுண்ணாம்புக்கல் மாவுதான் இருக்கிறது, அதுவும் நுரைக்கும்.

டிஸ்டெம்பர் என்றால் உள்ளங்கையில் வெள்ளை மாவாக ஒட்டும். பழைய பசை வகை டிஸ்டெம்பர் வெந்நீரிலும் ஸ்பாஞ்சிலும் கரைந்து வந்துவிடும். முழுக்கக் கழுவித்தான் ஆக வேண்டும். மாவின் மேல் அடித்த சிலிகேட், மாவோடு சேர்ந்து உதிரும். எமல்ஷனை எடுக்க, நீராவி பாய்ச்சும் ஸ்டீமர் உதவும்: அதன் தட்டை ஓரிரு நிமிடம் ஒரே இடத்தில் பிடித்து, இளகியதும் அகலச் சுரண்டியால் தள்ளினால் பாளமாக வரும். அதற்கு மேல் பிடித்தால் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்து பெயரும். பல பத்தாண்டுகளுக்கு முந்தைய எண்ணெய்ப் பெயிண்டில், குறிப்பாகக் கதவு ஜன்னல்களை ஒட்டி, ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடவே கூடாது. நனைத்துச் சுரண்டி, கழிவைப் பையில் கட்டுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேலை முடிந்து துடைக்கும் வரை அந்தப் பக்கம் வர வேண்டாம்.

எமல்ஷன் முக்கால்வாசி வந்து, மீதி திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும் சுவர்தான் தலைவலி. இதற்கென்று குவார்ட்ஸ் மணல் கலந்த பிணைப்பு ப்ரைமர் விற்கிறார்கள். ஒட்டுவதென்னவோ ஒட்டும். ஆனால் அதன் பிணைப்புப் பொருள் பெரும்பாலும் அக்ரிலிக்தான், கீழே பழைய தோலும் அப்படியே இருக்கிறது. சிலிகேட்டுக்கான செலவைச் செய்துவிட்டு எமல்ஷனின் பலனை வாங்குவது போன்றது இது. அந்தச் சுவர் உலர்ந்ததாக இருந்தால் நேர்மையாக நல்ல மேட் எமல்ஷனையே அடித்துவிடலாம் என்பது எங்கள் கருத்து.

பட்டியும் ஒயரிங்கும்

பெயிண்டைக் குறை சொல்லும் பல புகார்களுக்குக் காரணம் பெயிண்ட் அல்ல, அதற்கு முன்னால் பார்த்த பட்டி. வழக்கமான அக்ரிலிக் பட்டியை மேலே இழுத்தால் சிலிகேட் சுவரைத் தொடவே தொடாது. வெள்ளை சிமென்ட் பட்டி மெதுவான காரையை விடக் கடினம் என்பதால் நாளடைவில் ஏடு ஏடாகப் பெயரும். சிறு குழிகளுக்குச் சலித்த நைஸ் மணலும் சுண்ணாம்பு விழுதும் கலந்த பூச்சே போதும். விரிசலை ‘வி’ வடிவில் கீறி, நனைத்து, அழுத்தி நிரப்ப வேண்டும். மயிரிழை விரிசலுக்கு இது கூடத் தேவையில்லை. நிரப்புப் பொருள் கூடுதலாக உள்ள சிலிகேட் அடிப்பூச்சு கிடைக்கும், அதுவே மூடிவிடும்.

சுவரை விரல் மூட்டால் தட்டிக்கொண்டே வாருங்கள். பொள்ளென்று சத்தம் வரும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, காரையைச் செங்கல் வரை எடுத்துவிட வேண்டும். ஒரு பங்கு சுண்ணாம்பு விழுதுக்கு மூன்று பங்கு மணல். ஒரு கோட்டுக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது. தடிமனாக ஒரே மூச்சில் பூசினால் காயும்போது சுருங்கி வெடிக்கும். ஒட்டுப் போட்ட இடத்துக்குக் குறைந்தது நான்கு வாரம் விடுங்கள். புதுச் சுண்ணாம்பின் மேல் கண்ணாடி போல ஒரு மெல்லிய ஏடு படியும். அதை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து எடுக்காவிட்டால் கரைசல் உள்ளே இறங்காது.

ஒயரிங் மாற்றுவதாக இருந்தால் இதற்கெல்லாம் முன்பே முடித்துவிடுங்கள். எலக்ட்ரீஷியன் பைப் பதிக்க வெட்டிய காடியைச் சட்டென்று இறுகும் ஜிப்சத்தால்தான் மூடுவார். அவருக்கு அது வசதி. சிலிகேட் ஜிப்சத்தோடு சரியாகப் பிணையாது, அது உறிஞ்சும் அளவும் வேறு. பெயிண்ட் காய்ந்ததும் சுவிட்ச் போர்டிலிருந்து கூரை வரை பைப் போன பாதை ஒரு பட்டையாகத் தெரியும். எத்தனை கோட் அடித்தாலும் போகாது. காடியைச் சுண்ணாம்புக் கலவையால் மூடச் சொல்லி வேலை தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஜிப்சத்தால் மூடியிருந்தால் மேலே 3 மில்லிமீட்டராவது வெட்டியெடுத்து மாற்றிப் பூச வேண்டும்.

உப்பு பூத்திருந்தால் உலர்ந்த பிரஷால் தட்டி, கீழே விரித்த தாளோடு வெளியே கொண்டுபோங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். ஓதத்துக்கு மருந்து இந்தப் பெயிண்டில் இல்லை. மழைநீர்க் குழாய் ஒழுகுவதையும், வெளியே மண் மட்டம் உள்தரையை விட உயர்ந்திருப்பதையும் சரிசெய்யாமல் எதை அடித்தாலும் பலன் இல்லை.

அடிக்கும் முறை

ப்ரைமராக அக்ரிலிக் வேண்டாம். அதே கம்பெனியின் சிலிகேட் கரைசலை டப்பாவில் சொன்ன அளவு நீர்விட்டு ஒரு கோட் கொடுத்தால் போதும். அதிகமாக உறிஞ்சும் சுவருக்குத்தான் அதுவும். ‘நன்றாகப் பிடிக்கட்டும்’ என்று இரண்டு மூன்று கோட் ஏற்றினால் சுவர் பளபளத்து மூடிக்கொள்ளும், பெயிண்ட் மேலேயே நின்றுவிடும்.

அளவுக்கு ஒரு கணக்கு: 12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி. சுவர்ப்பரப்பு 440 சதுர அடி. ஒரு கதவு, இரண்டு ஜன்னல் கழித்தால் சுமார் 390 சதுர அடி, அதாவது 36 சதுர மீட்டர். லிட்டருக்கு 7 சதுர மீட்டர் என்று வைத்தால் இரண்டு கோட்டுக்குப் பத்து லிட்டருக்குச் சற்று மேல். கையால் பூசிய மேடுபள்ளச் சுவர் கூடுதலாகக் குடிக்கும். 12 லிட்டராகவே வாங்குங்கள். எல்லா டப்பாவையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டுத் தொடங்குங்கள், ஏனென்றால் இயற்கை மண் நிறங்களில் டப்பாவுக்கு டப்பா ஒரு நூல் வித்தியாசம் இருக்கும்.

ஒரு சுவரைத் தொடங்கினால் மூலைக்கு மூலை முடித்துவிட வேண்டும். ஈர ஓரம் காய்ந்துவிட்டால் சேர்ந்த கோடு நிரந்தரமாகத் தெரியும். ஒருவர் பிரஷால் ஓரம் வெட்ட, இன்னொருவர் பின்னாலேயே ரோலர் ஓட்டுவது நல்லது. கோட்டுக்கும் கோட்டுக்கும் 12 மணி நேரம் இடைவெளி. மின்விசிறியை வேகமாக ஓடவிட்டுக் காயவைக்காதீர்கள். வினை நடக்கக் கொஞ்ச நேரம் ஈரம் தேவை.

இது கடுமையான காரம். ஜன்னல் கண்ணாடியிலும் பளபளப்பு டைல்ஸிலும் தெறித்த துளி காய்ந்தால் கண்ணாடியே அரித்து வெள்ளைப் புள்ளி விழும், பிறகு எதனாலும் எடுக்க முடியாது. அலுமினியமும் அப்படித்தான். பிளாஸ்டிக் ஷீட் கட்டி மூடுங்கள், தெறித்ததை உடனே நிறையத் தண்ணீரால் துடையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் கூரைக்கு அடிக்கக் கூடாது.

அடித்த பிறகு

தோற்றத்தில் இதற்கு நிகரில்லை என்றே சொல்வோம். துளியும் மினுமினுப்பு இல்லாத மேட். பக்கவாட்டு வெளிச்சத்தில் பளபளப்பு எமல்ஷன் காட்டிக்கொடுக்கும் ஒவ்வொரு மேடும் இதில் அடங்கிவிடும். வாடையும் மிகக் குறைவு. காரத்தன்மையே கெடாமல் காப்பதால் தனியாகப் பூஞ்சைக்கொல்லி சேர்க்கத் தேவையில்லை.

குறைகளும் அதே அளவுக்கு உண்டு. காரத்தைத் தாங்கும் கனிம நிறங்கள் மட்டுமே கலக்க முடியும் என்பதால் காவி, மஞ்சள் மண், சாம்பல், மங்கிய பச்சை, மங்கிய நீலம் வரைதான். அடர் ரோஜாவும் பளிச்சென்ற ஊதாவும் வேண்டுமானால் வேறு பெயிண்ட் பாருங்கள். கடையில் எல்லாப் பெயிண்டுக்கும் நிறம் கூட்டப் பயன்படும் பொது டின்டரைச் சேர்த்துத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். கொஞ்ச நாளில் வெளுக்கும். எண்ணெய்க் கறை உள்ளே இறங்கிவிடும், எனவே அடுப்புக்குப் பின்னாலும் தலை சாய்த்து உட்காரும் இடங்களிலும் வேண்டாம். ஒட்டுப்போட்டு டச்சப் செய்தால் திட்டாகத் தெரியும். சுவர் முழுக்க மறுபடி ஒரு கோட் அடிப்பதே வழி.

செலவு கட்டுப்படியாகாவிட்டால் வெறும் சுண்ணாம்பு அடிப்பதே அடுத்த நல்ல தேர்வு. ஈரத்தை விடுவதில் அது எள்ளளவும் குறைந்ததில்லை. நனைத்த சுவரில் பால் பதத்தில் நான்கைந்து மெல்லிய கோட், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. நிறப்பொடி சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கையில் ஒட்டும். கெட்டியாக அடித்தாலும் அதே கதை. ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தால் பல மடங்கு வெளிறும். ஒரு ஓரத்தில் அடித்துக் காயவைத்துப் பார்த்த பிறகே நிறத்தை முடிவு செய்யுங்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டியிருக்கும், சட்டையில் ஒட்டுவதையும் முழுக்கத் தவிர்க்க முடியாது.

மிஞ்சிய சிலிகேட் பெயிண்டைப் பிளாஸ்டிக் டப்பாவில் விளிம்பு வரை நிரப்பி, இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். காற்றுப் பட்டால் தயிர் போல உறைந்துவிடும். உறைந்ததைத் தண்ணீர் விட்டு இளக்கிப் பயன்படுத்த முடியாது. டப்பாவில் உள்ள பேட்ச் எண்ணையும் நிற எண்ணையும் எந்த அறைக்கு என்று சேர்த்து, மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டிவிடுங்கள்.