ஃபோர்க்லிப்ட் இல்லாத பட்டறை: கிரேனா, டிராலியா, தண்டவாளமா, காற்றா?

ஃபோர்க்லிப்ட் இரண்டு வேலை செய்கிறது. தூக்குவது ஒன்று, நகர்த்துவது இன்னொன்று. அதை வெளியே அனுப்பிவிட்டு, இரண்டையும் சேர்த்தே செய்யும் வேறொரு கருவியைத் தேடும்போதுதான் பணம் வீணாகிறது. தூக்குவதை எந்திரத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, நகர்த்துவதைத் தரையோடு தரையாகச் செய்தால் கணக்கு எளிதாகிவிடும்.

ஒப்பிட ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், தொழிற்சாலைகள் நிறைந்த ஜேக்கப்ஸ், மொபெனி பக்கத்தில் இருப்பதைப் போல, 40 மீட்டர் நீளத்தில் அடுத்தடுத்து இரண்டு கொட்டகை. வரும் சரக்கு மூன்று வகை: 1.2 டன் பம்ப் கூடு, 3 டன் கியர்பாக்ஸ், எப்போதாவது கரும்பாலை ரோல் (கரும்பைப் பிழியும் உருளை). குறுக்களவு 1 மீட்டர், நீளம் 2 மீட்டர் உள்ள வார்ப்பிரும்பு ரோல் என்றால் 11 டன்னைத் தாண்டும். டர்பன் இருக்கும் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை கரும்பு அரைப்பு. ஆகவே ரோல்கள் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் மொத்தமாக வந்து குவியும்.

முதலில், ஃபோர்க்லிப்ட் ஏன் வேண்டாம்? 3 டன் ஃபோர்க்லிப்ட் 3 டன் தூக்குவது, சரக்கின் எடைமையம் முள்ளின் (முன்னால் நீளும் இரும்புக் கையின்) வேரிலிருந்து 500 மில்லிமீட்டரில் இருக்கும்போதுதான். அகலமான கூடு ஒன்றை வைத்து மையம் 900-க்குத் தள்ளிப்போனால், அது தூக்கக்கூடியது 2 டன் அளவுக்கு இறங்கிவிடும். திரும்ப ஏறக்குறைய 4 மீட்டர் வழி வேண்டும். சரக்கோடு சேர்த்து 7 டன்னுக்கு மேல் வரும் எடையில் பெரும்பகுதி முன்சக்கரம் இரண்டின் மேல் விழுகிறது. பட்டறைத் தரையின் இணைப்பு விளிம்புகள் முதலில் உடைவது இதனால்தான். அந்த உடைந்த விளிம்பு பின்னால் வரும் எல்லாக் கருவிக்கும் எதிரி.

ஓவர்ஹெட் கிரேன்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், கூரைக்கடியில் பாதையில் ஓடும் கிரேன். தரை எப்படி இருந்தாலும் கவலையில்லை, சரக்கு எந்திரத்தின் மேலேயே போய் இறங்கும். கிடைக்காதது நேரம். ஸ்லிங் (சரக்கைக் கட்டித் தூக்கும் பட்டை அல்லது சங்கிலி) மாட்டி, எடைமையம் பார்த்து, சற்றே தூக்கிச் சோதித்து, மெதுவாக ஓட்டி, இறக்கி, கழற்றி முடிக்க 10 நிமிடம் ஆகும். அதுவரை அந்தக் கொட்டகையில் மற்ற எந்திரக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். பக்கத்துக் கொட்டகைக்குக் கிரேன் தாண்டாது. கொட்டகை மாற எப்படியும் தரையில் ஒரு வண்டி தேவை.

நம் பக்கத்து இலேசான இரும்புக் கொட்டகைகளின் தூண்கள் கூரையைத் தாங்கக் கட்டியவை, கிரேனைத் தாங்க அல்ல. 11 டன் ரோலுக்காக 15 டன் கிரேன் வாங்கினால் கிரேனின் விலையோடு தனித்தூண், அஸ்திவாரம், கிரேன் பாதை எல்லாம் சேரும். ஆண்டில் மூன்று மாத வேலைக்கு அது கட்டுப்படியாகாது.

ஸ்லிங் கோணத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. இரண்டு கால் ஸ்லிங், கிடைமட்டத்திலிருந்து 60 பாகையில் இருந்தால் ஒவ்வொரு காலும் சரக்கின் எடையில் 58 சதவீதம் இழுக்கும். 30 பாகைக்குத் தாழ்ந்தால் ஒவ்வொரு காலிலும் முழு எடை. ஸ்லிங் குட்டையாக இருக்கிறதே என்று விரித்து மாட்டும் கை இதை மறந்துவிடும். ஜூலுவும் ஆங்கிலமும் கலந்து பேசும் தளத்தில் வாய்ச்சொல்லை நம்பிக் கிரேன் ஓட்டக்கூடாது. சைகை காட்ட ஒரே ஆள்; 'நிறுத்து' என்பதை மட்டும் யார் காட்டினாலும் கிரேன் நிற்க வேண்டும்.

மின்வெட்டு வந்தால்? ஸ்பிரிங் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும், சரக்கு விழாது. ஆனால் கரண்ட் வரும்வரை அது தொங்கும். கீழே கயிறு கட்டி ஆள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2023 போல லோட்-ஷெடிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) உச்சத்தில் இருந்தால் கிரேனை மட்டும் நம்பிய பட்டறை நாளுக்கு எத்தனை மணி நேரம் நிற்கும் என்பது நமக்குத் தெரிந்ததே.

பரிசோதனைச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 2015-ஆம் ஆண்டு எந்திர விதிகளான டிரிவன் மெஷினரி ரெகுலேஷன்ஸ்படி கிரேனுக்கும் தூக்கு எந்திரமான ஹாய்ஸ்டுக்கும் 12 மாதத்துக்கு ஒருமுறை சுமைச் சோதனை. கயிறு, சங்கிலி, கொக்கி, பிரேக்குக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை. ஸ்லிங், அதை மாட்டும் ஷேக்கில் வளையம் வகைக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை. கையால் இழுக்கும் செயின் பிளாக்குக்கும் இதிலிருந்து தப்பில்லை.

டிராலி

எங்கள் ஓட்டு இதற்குத்தான், 3 டன் வரைக்கும். ஆனால் கணக்குப் போட்டுச் செய்த டிராலியாக இருக்க வேண்டும்.

பம்ப் கூடு 1.2 டன், டிராலி 200 கிலோ, மொத்தம் 1.4 டன். நான்கு சக்கரமும் எடையைச் சமமாகப் பகிரும் என்று நினைத்து 350 கிலோ சக்கரம் வாங்குவது வழக்கமான பிழை. மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும், மற்ற மூன்றுதான் தாங்கும். ஆகவே மொத்தத்தை மூன்றால் வகுக்க வேண்டும். 467 வருகிறது, 500 கிலோ சக்கரம் வாங்குங்கள். வார்ப்பிரும்பு மையத்தில் பாலியூரித்தேன் பூசிய 200 மில்லிமீட்டர் சக்கரம், இரண்டு நிலையானது, இரண்டு சுழலும். 100 மில்லிமீட்டர் சக்கரம் மலிவுதான், ஆனால் தரை இணைப்பில் விழுந்து நிற்கும். நைலான் இலகுவாக உருளும், தரையைக் கொத்தும், சத்தமும் போடும். சாதா ரப்பர் சரக்கோடு நாள்கணக்கில் நின்றால் அடியில் தட்டையாகிவிடும்.

நல்ல கான்கிரீட்டில் பாலியூரித்தேன் சக்கரத்துக்கு எடையில் 1.5 சதவீதம் இழுவை என்று வையுங்கள். 1.4 டன்னுக்கு ஓட 21 கிலோ. கிளப்ப அதில் இரு மடங்கு, 42. பிரிட்டனின் பணிப் பாதுகாப்பு அமைப்பான ஹெச்.எஸ்.ஈ. சொல்லும் வழிகாட்டு அளவு ஓர் ஆணுக்குக் கிளப்ப 20 கிலோ, ஓட்ட 10. பெண்ணுக்கு 15, 7. ஆக இரண்டு ஆண்கள் தள்ளினால்கூட எல்லைக்கோட்டில்தான் நிற்கிறோம். வாசலில் 50-க்கு 1 சரிவு இருந்தால் இன்னும் 28 கிலோ சேர்ந்துவிடும். லேத்தில் வெட்டி விழும் இரும்புச் சுருள் சக்கரத்தில் பதிந்துவிட்டால் கணக்கே வேறு; வாரம் ஒருமுறை இடுக்கியால் பிடுங்கி எடுக்க வேண்டியதுதான்.

3 டன் கியர்பாக்ஸுக்கு ஆளை நம்பாமல் பேட்டரி டக்கர் (டிராலியை இழுக்கும் சிறு வண்டி) வாங்குவது சரி. டிராலியின் முன்பகுதியைக் கொக்கியில் சற்றுத் தூக்கி, அந்த எடையைத் தன் ஓட்டுசக்கரத்தின் மேல் ஏற்றிக்கொள்ளும் வகையே வேண்டும். வெறுமனே இழுக்கும் வகை, கூலன்ட் சிந்திய தரையில் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றும். இரவில் சார்ஜ் போட்டுவிட்டால் பகலில் கரண்ட் போனாலும் வேலை நடக்கும்.

நிறுத்துவதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். தேருக்கு வடம் பிடிக்க நூறு பேர் வருவார்கள்; முட்டுக்கட்டை போடத் தெரிந்த ஒருவர் இல்லாவிட்டால் தேர் யார் சொன்னாலும் நிற்காது. டிராலியும் அப்படித்தான். சக்கரப் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம், எண்ணெய் பட்டால் வழுக்கும். இரண்டு ரப்பர் முட்டுக்கட்டையைச் சங்கிலியில் கோத்து டிராலியிலேயே தொங்கவிடுங்கள். தனியாக வைத்தால் இரண்டே வாரத்தில் கதவுக்கு அண்டை கொடுக்கப் போய்விடும்.

டிராலியிலிருந்து எந்திரத்துக்கு ஏற்ற, ஒவ்வொரு எந்திரத்தின் அருகிலும் ஜிப் கிரேன் (தூணில் சுழலும் கையுள்ள சிறு கிரேன்). இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: 4 மீட்டர் கைநீளத்தில் 2 டன் தூக்கினால் அடித்தளத்தின் மேல் 8 டன்-மீட்டர் சாய்க்கும் திருப்பம் வரும், கையின் சொந்த எடை தனி. 150 மில்லிமீட்டர் தரையில் துளைபோட்டுப் போல்ட் முறுக்கினால் தாங்காது. தனியாகத் தோண்டிய கான்கிரீட் கட்டி வேண்டும்.

ரோலுக்கு: தண்டவாளமா, காற்றா?

தண்டவாள வண்டி: இரும்பின் மேல் இரும்பு. ரோலைத் தாங்கும் தொட்டிலோடு 12 டன் என்றால், பேரிங் உராய்வையும் சேர்த்து 1 சதவீதம் வைத்தாலும் 120 கிலோ இழுவை. சிறிய வின்ச் போதும். தரையை வெட்டி, தண்டவாளத்தைத் தரைமட்டத்துக்குப் பதிக்க வேண்டும். அந்தப் பள்ளத்தில் சுருளும் எண்ணெயும் சேரும், கைத்தூக்கு வண்டியான பேலட் ஜாக்கின் சின்னச் சக்கரம் அதில் மாட்டும். வழி ஒன்றுதான், மாற்ற முடியாது.

காற்று மெத்தை: 450 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள நான்கு மெத்தை, 2 பார் அழுத்தத்துக்குச் சற்று மேல் காற்று. 12 டன் மிதக்கும், தள்ள 30, 40 கிலோ விசை போதும், எந்தத் திசைக்கும் திருப்பலாம். கேட்க அருமை! ஆனால் தரைக்கும் மெத்தைக்கும் நடுவில் இருப்பது காகிதத் தடிப்புக் காற்றுப்படலம். விரிசல் ஒன்று போதும், காற்று அதில் இறங்கி அந்த மூலை உட்கார்ந்துவிடும். இணைப்புகளின் மேல் மெல்லிய தகடு போட்டு விளிம்பை டேப்பால் ஒட்ட வேண்டும். சரிவு இன்னும் ஆபத்து. 1 சதவீதச் சாய்வில் 12 டன் தானாக 120 கிலோ விசையோடு பக்கவாட்டில் ஓடும், பிடித்து நிறுத்த உராய்வே கிடையாது. தண்ணீர் வடிய வேண்டுமென்று சாய்வு வைத்துப் போட்ட தரையில் இதை நினைக்கவே வேண்டாம். ஒரு நன்மை: கரண்ட் போனால் கம்ப்ரசர் தொட்டியில் மிச்சமுள்ள காற்று வடிய, சரக்கு மெல்லத் தரையில் அமரும்.

எபாக்ஸி பூசிய மட்டமான தரை ஏற்கெனவே இருந்தால் காற்று. ரோல் ஒரே வாசலில் வந்து ஒரே லேத்துக்குப் போகிறதென்றால், யோசிக்காமல் தண்டவாளம்.

ரோலர் கன்வேயர் ஒரே அளவுப் பொருள் வரிசையாக வரும் இடத்துக்கு நல்லது. சரக்கின் அடியில் எப்போதும் குறைந்தது மூன்று உருளை இருக்க வேண்டும். பழுதுபார்க்கும் பட்டறையில் அது குறுக்கே கட்டிய சுவர். மெஷின் ஸ்கேட் (எந்திரத்தின் அடியில் வைக்கும் உருளைப் பலகை) எந்திரத்தை இடம் மாற்ற, ஆண்டுக்கு ஒருமுறை. அன்றாட வேலைக்கு அல்ல.

எதை வாங்குவதானாலும் அதற்கு முன், பட்டறையில் இருக்கிற பழைய டிராலியில் 1 டன் ஏற்றுங்கள். கைப்பிடியில் ஒரு தொங்கு தராசைக் கோத்து, தரையின் மிக மோசமான இணைப்பின் மேல் இழுத்துப் பாருங்கள். கிளம்பும்போது முள் எங்கே போகிறது, ஓடும்போது எங்கே நிற்கிறது, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கிளம்பும் எண் 60 கிலோவைத் தாண்டினால் முதல் செலவு இணைப்பை அடைக்கும் எபாக்ஸிக்கு. கருவிக்கான விலைப்புள்ளியை அதற்குப் பிறகு கேட்கலாம்.